பதக்கம் குத்த வேண்டிய பிணம்

"ஐயோ... கொலை! கொலை...!"

காலை மணி ஒன்பது பத்து. நவம்பர் மாதத்து வியாழக்கிழமை.

பிரான்ஸின் ஜூரா மலையடிவாரத்தில் மோர்வியே என்கிற சிற்றூர். அதன் டவுன் ஹாலிலிருந்து அந்த அலறல் கிளம்பியபோது, எதிர்ச்சாரியில் ரொட்டி வாங்க நின்ற ஏழு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

அலறியவள் யூகெத். டவுன் ஹால் செக்ரெட்டரி. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவள். அத்தனை வருஷம் சேர்த்து வைத்ததை இன்றைக்கு மொத்தமாகச் செலவழித்துவிட்டாள்.

மூன்றாவது நிமிஷம் ஜாந்தர்ம் போலீஸ் படையின் நீல வேன் வந்து நின்றது.

குதித்து இறங்கினாள் ஸ்டேஷன் அதிகாரி, அட்ஜுதான் செலஸ்தீன். நாற்பத்தியொரு வயது. ஊர்க்காவல் மொத்தமும் அவள் தலையில். பின்னால் அவளுடைய ஒரே உதவியாளன் பாஸ்கால். தொப்பி கக்கத்தில், பாதி தின்ற க்ரோசான் கையில்.

"எங்கே யூகெத்?"

"ஆவண அறையில மேடம்... கர்னல்..."

"எந்தக் கர்னல்?"

"நம்ம ஊர்ல என்ன டஜன் கணக்குலயா கர்னல் இருக்காங்க? கர்னல் ஒக்தாவ்தான்! வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கார் மேடம். சட்டை முழுக்க ரத்தம். பக்கத்துல கத்தி...!"

செலஸ்தீன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள். கொலை என்பதற்காக இல்லை. பதினோரு மணிக்கு அந்தக் கர்னல் அவளுக்கு உயிரோடு வேண்டும்!

ஓடினாள்.

ஆவண அறைக் கதவை உதைத்துத் திறந்தாள். கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. ஆனாலும் உதைத்தாள்.

உள்ளே...

மேஜை இருந்தது. நாற்காலி இருந்தது. தரையில் சிவப்பாக ஒரு திட்டு. பக்கத்தில் காகிதம் வெட்டும் கத்தி. பின்பக்கச் சந்து பார்த்த ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது.

பிணம் மட்டும் இல்லை.

"யூகெத்... பிணம் எங்கே?"

"இங்கேதான் இருந்துச்சு மேடம்! சத்தியமா நான் தொடல!"

"நீ தொடலேன்னா எப்படிப் போச்சு?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும்!"

மேஜை மேலிருந்த டெலிபோன் வீறிட்டது. மூன்று பேரும் ஓரடி எகிறினார்கள்.

செலஸ்தீன் எடுத்தாள்.

"செலஸ்தீனா? கருணை இல்லத்துலேர்ந்து ஸிஸ்டர் பெர்பெத்யூ பேசறேன். உன் ஸ்டேஷன்ல அடிச்சா யாரும் எடுக்கல. ஏம்மா, பதினோரு மணின்னு சொன்னியே... அதைப் பத்தாக்க முடியுமா?"

"ஏன் ஸிஸ்டர்?"

"அன்செல்முக்கு நேத்துலேர்ந்து ஒரு வாய் சூப் இறங்கல. டாக்டர் நாடி பார்த்துட்டு, மத்தியானத்தைத் தாண்டறது கஷ்டம்கறார். மனுஷன் கண்ணை மூடாம வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடக்கார். எங்கே உன் கர்னல்?"

செலஸ்தீன் தரையிலிருந்த சிவப்புத் திட்டைப் பார்த்தாள். விசாரணை நடக்கும்போது வெளியே மூச்சு விடக்கூடாது. அது சட்டம். அவள் சட்டத்தைச் சாப்பாடு மாதிரி வேளாவேளைக்குக் கடைப்பிடிப்பவள்.

"ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டிருக்கார் ஸிஸ்டர். பத்து நிமிஷத்துல வந்துடுவார்."

"இத்தனை வருஷமா கர்னலா இருக்கார்... இன்னுமா பாலிஷ் போட்டு முடியல?"

டொக்!

*

அன்செல்முக்கு எண்பத்தெட்டு வயது.

போர் முடிந்த வருஷம், கடற்கரை மணலில் ஜெர்மன்காரன் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைக் கையால் தோண்டியெடுத்தது பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு. பதினோரு பேர் அந்த மணலிலேயே போய்விட்டார்கள். மிச்சம், அன்செல்ம்.

அவருக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கித்தர ஆறு வருஷமாக மனுப் போட்டவள் செலஸ்தீன். கோப்பு மூன்று தடவை திரும்பி வந்தது. முதல் தடவை ஒரு கையெழுத்து இல்லையென்று. இரண்டாவது தடவை கையெழுத்து அதிகமென்று. மூன்றாவது தடவை காரணமே இல்லாமல். நாலாவது தடவை அரசாணையில் பெயர் வந்தேவிட்டது.

லெஜியன் ஆஃப் ஹானர்! நாட்டின் மிக உயர்ந்த விருது! செவாலியே அன்செல்ம்!

ஆனால் அரசாணையில் வந்தால் மட்டும் செவாலியே ஆகிவிட முடியாது. ஏற்கெனவே அந்தப் பதக்கம் வாங்கிய ஒருவர் நேரில் வந்து, அதற்கென்று உள்ள வாசகத்தைச் சொல்லி, நெஞ்சில் குத்தியாக வேண்டும். அதற்கு முன்னால் கண்ணை மூடிவிட்டால் அன்செல்ம் வெறும் அன்செல்ம்தான். பதக்கம் பெட்டியோடு பாரீஸுக்குத் திரும்பிப் போகும்.

பெசான்சோனிலிருந்து வருவதாயிருந்த ஜெனரல் நேற்று மாலை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார்.

"அதனாலென்ன, எங்க ஊர்லயே கர்னல் ஒக்தாவ் தெ வால்க்ரெஸ் இருக்கார்! ஒஃபிசியே! செவாலியேவுக்கும் மேல!" என்று கஃபேயிலிருந்தே பாரீஸ் விருது அலுவலகத்துக்குப் போன் போட்டு மார்தட்டியவள் செலஸ்தீன்தான். அவர்களும் சரி என்றார்கள். காலையில் படிவத்தை அவரே பூர்த்தி செய்து ஃபேக்ஸ் அனுப்பட்டும் என்றார்கள். கஃபேயில் இருந்த ஊர் ஜனமே கை தட்டியது. கர்னலுக்கு அப்போது முகமெல்லாம் வியர்த்தது. ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தக் கர்னல் பிணம். அந்தப் பிணமும் காணோம்.

"மேடம்... பதக்கப் பெட்டியும் காணோம்!" என்றாள் யூகெத். "மேஜை மேலதான் வெச்சேன்!"

"என்னது?!"

"அதோட, கதவுக்குப் பின்னாடி மாட்டியிருந்த என் பச்சை மழைக்கோட்டும்!"

பாஸ்கால் ஜன்னலை எட்டிப் பார்த்தான். தாடையைச் சொறிந்தான்.

"கொலைகாரன் பிணத்தைத் தூக்கி, பதக்கத்தைத் தூக்கி, கோட்டையும் தூக்கிக்கிட்டு ஜன்னல் ஏறிக் குதிச்சிருக்கான். பலசாலி மேடம்."

"கர்னல் தொண்ணூத்தாறு கிலோ பாஸ்கால்."

"அப்ப ரெண்டு பலசாலி."

"பேசாம தடயத்தைத் தேடு!"

அவன் மண்டியிட்டான். மேஜைக்கடியில் நுழைந்தான். குப்பைக்கூடையைக் கவிழ்த்தான்.

"மேடம்... ஒரு சிவப்புப் பொத்தான்!"

செலஸ்தீன் வாங்கிப் பார்த்தாள். திடுக்கிட்டாள்.

"பொத்தான் இல்லடா... ரோஸெட்! கர்னலோட கோட்டுக் காலர்ல இருந்தது!"

"அந்தச் சிவப்பு ரிப்பன்னு சொல்லுவாங்களே, அதுவா?"

"காலர்ல நீட்டமா ஒரு சின்ன நாடா மட்டும் இருந்தா செவாலியே. நாடாவை இப்படிச் சுருட்டி வட்டமா வெச்சா அதுக்கு மேல, ஒஃபிசியே. இதுக்கடியில வெள்ளிப் பட்டை வந்தா கொமாந்தர். பாதி வெள்ளி, பாதி தங்கம்னா க்ரான் ஒஃபிசியே. முழுத் தங்கம்னா க்ரான் க்ருவா. அதுக்கு மேல வானம்தான்."

"அஞ்சு மாடி!"

"லிஃப்ட் கிடையாது. எவ்வளவு பெரிய ஜெனரலா இருந்தாலும் தரைத் தளத்துலேர்ந்துதான் ஏறணும்."

"யாரு மேடம் கட்டினது?"

"நெப்போலியன். ஆயிரத்து எண்ணூத்து ரெண்டுல. அதுக்கு முன்னாடி ராஜா குடுத்த ராணுவப் பதக்கம் அதிகாரிங்களுக்கு மட்டும்தான். அதுவும் கத்தோலிக்கரா இருந்தாத்தான். புரட்சி வந்து எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுச்சு. இவர் வந்தார்... மார்ஷலுக்கும் முரசு அடிக்கிறவனுக்கும் ஒரே பதக்கம்னுட்டார்."

"ஜாந்தர்முக்கு?"

"வேலை பார்த்தா!"

பாஸ்கால் மறுபடி தரையில் குனிந்தான். பிறகு ஒரு சின்ன உறிஞ்சல் சத்தம்.

"மேடம்... இது ரத்தம் இல்ல."

"எப்படிச் சொல்றே?"

"அர்புவா ஊர் ஒயின். மூணு வருஷம் பழசு."

"அடப்பாவி... தடயத்தை நக்கினியா?!"

"விரல்ல தொட்டுத்தான் மேடம். சந்தேகம் வந்துச்சு."

"இப்ப சந்தேகம் தீர்ந்துச்சா?"

"இன்னொரு தடவை பார்த்தா உறுதியாயிடும்."

செலஸ்தீன் அவனை முறைக்கவில்லை. அவள் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

ரத்தம் ஒயின். சரி. ரோஸெட்டை யாரும் பிய்த்து எறியவில்லை. பின்பக்கத்துத் திருகாணியைப் பதமாகக் கழற்றி, மறுபடி திருகி, கூடையில் போட்டிருக்கிறது ஒரு கை. எந்தக் கொலைகாரனுக்கு அத்தனை பொறுமை?

மேஜை மேலிருந்த படிவத்தை இழுத்தாள். பாரீஸுக்கு அனுப்ப வேண்டிய படிவம். கர்னலின் முத்து முத்தான கையெழுத்து. அன்செல்மின் பெயர்... இருந்தது. பிறந்த தேதி... இருந்தது. விழா நடக்கும் இடம்... இருந்தது.

'பதக்கம் குத்துபவரின் பதிவு எண், அவர் பதக்கம் ஏற்ற தேதி...'

காலி!

அந்தக் கட்டத்தில் பேனா முனை அழுந்தி அழுந்தி மையில் ஒரு குளமே கட்டியிருந்தது.

செலஸ்தீன் டெலிபோனைப் பாய்ந்து எடுத்தாள். பாரீஸ் அலுவலகத்தில் ஒரு பெண் குரல், அவசரமே தெரியாத குரல், பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டு போனது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

"மேடம்... ஒக்தாவ் தெ வால்க்ரெஸ்னு யாரும் இல்லை."

"இறந்துட்டாருங்கறீங்களா?"

"இல்ல மேடம். இருந்ததே இல்லேங்கறேன்."

செலஸ்தீன் மெதுவாக ரிசீவரை வைத்தாள்.

ஆறு வருஷம்! தினமும் காலையில் தபாலாபீஸ் வாசலில் குதிகாலை ஒட்டி வைத்து அந்த ஆளுக்கு சல்யூட் அடித்திருக்கிறாள். மழையிலும் அடித்திருக்கிறாள். பல்வலியோடும் அடித்திருக்கிறாள். அத்தனையும் இப்போது திரும்பி வந்து அவள் கன்னத்தில் பளார் பளாரென்று விழுந்தது.

"பாஸ்கால்! கொலையும் இல்ல... கொலைகாரனும் இல்ல! பிணமே எந்திரிச்சு, கோட்டைப் போட்டுக்கிட்டு ஓடியிருக்கு!"

யூகெத் நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப கர்னல் உயிரோட இருக்காரா? மாதாவே... நன்றி!"

"நன்றியை நிறுத்து! ஊரை விட்டுப் போற அடுத்த பஸ் எப்போ?"

"பத்து இருபதுக்கு... சர்ச் வாசல்லேர்ந்து."

கடிகாரம் பத்து பதினேழு காட்டியது.

டெலிபோன் மறுபடி வீறிட்டது.

"செலஸ்தீன்! உன் பத்து நிமிஷம் என்ன, ரப்பரா? மனுஷனுக்கு மூச்சு இழுக்குதும்மா!"

"கிளம்பிட்டார் ஸிஸ்டர்! வந்துக்கிட்டே இருக்கார்!"

இந்தத் தடவை அவள் சொன்னதில் பாதி உண்மை. கிளம்பிவிட்டார். எதிர்த் திசையில்!

*

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் கியரில் கை வைத்த நேரம், நீல வேன் குறுக்கே வந்து நின்றது.

செலஸ்தீன் ஏறினாள். ஆறு பயணிகள். சந்தைக்குப் போகிற இரண்டு விவசாயிகள். ஒரு கைக்குழந்தைக்காரி. கோழிக்கூடையோடு ஒரு கிழவர். மருந்துக்கடைக்காரர். கடைசி சீட்டில் ஜன்னலோரமாக, தலையில் முக்காடு, பச்சை மழைக்கோட்டு, தோள்பட்டைத் தையல் பிரியும் அளவுக்கு வாட்டசாட்டமான ஒரு பெண்மணி.

பாஸ்கால் காதோடு கிசுகிசுத்தான். "அந்தம்மா மீசையைச் சரியா மழிக்கல மேடம்."

"ஷ்ஷ்!"

எட்டிப் பிடித்து முக்காட்டை உருவியிருக்கலாம். ஆனால் ஆறு வருஷத்துக் கோபம் அவளை விடவில்லை. நடைபாதையில் விறைப்பாக நின்றாள். குதிகால்களை 'டக்'கென்று ஒட்டினாள். விரல்களை நெற்றிக்கு உயர்த்தினாள்.

"காலை வணக்கம், கர்னல்!"

பச்சை மழைக்கோட்டின் வலது கை, தானாகவே, முக்காட்டு ஓரத்துக்குப் போனது.

"வணக்கம், அட்ஜுதா..."

பாதியில் நின்றது குரல். கை மட்டும் கீழே இறங்க மறந்து அங்கேயே இருந்தது. கோழிக்கூடைக் கிழவர் "அட, நம்ம கர்னலம்மா!" என்றார்.

"இறங்குங்க ஐயா," என்றாள் செலஸ்தீன்.

வேனுக்குள் உட்கார வைத்து, கையில் விலங்கு மாட்டியதும் அந்த வாட்டசாட்டமான உடம்பு அப்படியே குறுகிப்போனது.

"உண்மைப் பேரு?"

"ஒக்தாவ்... அது உண்மைதான் மேடம். ஒக்தாவ் க்ரோத்தே."

"பதவி?"

"ரெஜிமெண்ட்ல... சமையல்காரன்."

பாஸ்கால் முதல்முறையாக மரியாதையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, டிஜோன் ஊர்ப் பழைய சாமான் சந்தையில ஒரு கோட்டு வாங்கினேன் மேடம். காலர்ல இந்த ரோஸெட் இருந்துச்சு. நான் கவனிக்கக்கூட இல்ல. ரயிலை விட்டு இறங்கறேன்... ஸ்டேஷன் மாஸ்டர் எந்திரிச்சு நிக்கறார். கஃபேல ஓசியில ஊத்தறாங்க. 'கர்னலா இருந்தீங்களா?'ன்னு கேட்டாங்க. இல்லேன்னு சொன்னா அவங்க மனசு நோகுமேன்னு..."

"அவங்க மனசு! சரி, ஏன் செத்தீங்க?"

"மாரடைப்புன்னு படுத்துடலாம்னுதான் நினைச்சேன். படுக்கப் போனேன். தைரியத்துக்கு வெச்சிருந்த ஒயின் சட்டையில கொட்டிடுச்சு. அந்தக் கத்தியும் கீழே விழுந்துச்சு. யூகெத் உள்ளே வந்தா... நான் சாதாரணச் சாவுதான் செத்தேன் மேடம். அவதான் கொலைன்னு ப்ரமோஷன் குடுத்துட்டா! சரி, இனிமே கர்னலா எந்திரிச்சா அசிங்கம்னு ரோஸெட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓடினேன்."

"பதக்கம்?"

மழைக்கோட்டுக்குள்ளிருந்து சிவப்புப் பெட்டி வந்தது.

"இது இல்லேன்னா விழாவை ஒத்தி வெப்பாங்கன்னு எடுத்தேன். ஜெனரல் இடுப்பு சரியாகி வரட்டுமேன்னு."

"ஒத்தி வெக்கறதா? அவர் மத்தியானம் தாண்ட மாட்டார்யா!"

ஒக்தாவின் முகம் வெளுத்தது.

"அன்செல்மா? அவன் வருஷா வருஷம் குளிர் வந்தா செத்துடுவேன்னு சொல்லுவானே... வசந்தம் வந்ததும் சீட்டுக்கட்டைக் கலைப்பானே..."

"இந்தத் தடவை சொல்றது அவர் இல்ல. டாக்டர்."

அந்தப் பெரிய உருவம் முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதது. செலஸ்தீனுக்குக் கோபம் பாதியில் இறங்கிவிட்டது. அதை வெளியே காட்டிக்கொள்ள அவள் விரும்பவில்லை.

பதக்கம் கிடைத்துவிட்டது. குத்த ஆள்?

சர்ச் வாசலில் இருந்த டெலிபோன் கூண்டுக்குள் பாய்ந்தாள். பாரீஸ். மறுபடியும் அதே அவசரமில்லாத குரல்.

"மேடம், எனக்கு ஒரு ஆள் வேணும்! செவாலியே போதும்! பக்கத்துல எங்கே இருந்தாலும் சரி!"

"போன்தார்லியே டவுன்ல ரெண்டு பேர் இருக்காங்க."

"மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டம். ரெண்டு மணி நேரம் ஆகும். அவருக்கு அவ்வளவு நேரம் இல்லை!"

"அப்படியா... இருங்க, உங்க மாவட்டப் பட்டியலை எடுக்கறேன்." காகிதம் புரளும் சத்தம். "மோர்வியேன்னுதானே சொன்னீங்க? மோர்வியேயிலேயே ஒருத்தர் இருக்காங்களே."

"மோர்வியேயிலா?! யாரு?"

"லூசியென் வோஷே. நாற்பத்தாறுல செவாலியே. அப்புறம் ஒஃபிசியே. நிஜ ஒஃபிசியே மேடம், கவலைப்படாதீங்க."

"அப்படி ஒருத்தரை நான் கேள்விப்பட்டதே இல்லையே... விலாசம்?"

"கருணை இல்லம், மேலத்தெரு."

செலஸ்தீன் கூண்டுக் கண்ணாடி வழியாக மேலத்தெருவைப் பார்த்தாள்.

"மேடம்... லைன்ல இருக்கீங்களா?"

கருணை இல்லத்தில் இருந்தவர்கள் நாலே கன்னியாஸ்திரிகள். மூன்று பேர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். நாலாவது...

காலையிலிருந்து போன் போட்டு அவளைக் கிழித்துக்கொண்டிருக்கும் அந்தக் குரல்!

"அவங்களே குத்தட்டும். அனுமதி தர்றேன். ஃபேக்ஸ் பின்னாடியே வரும்," என்றது பாரீஸ். முதல் தடவையாக அந்தக் குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

*

பத்து ஐம்பத்தைந்து.

கருணை இல்ல வாசலில், இடுப்பில் கை வைத்து நின்றார் ஸிஸ்டர் பெர்பெத்யூ. எழுபத்தாறு வயது. ஐந்தடிக்கும் குறைவு. வேனிலிருந்து மழைக்கோட்டும் கைவிலங்குமாக இறங்கிய ஒக்தாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுதான் பாலிஷ் போட்ட லட்சணமா?"

"ஸிஸ்டர்... லூசியென் வோஷே நீங்களா?"

ஸிஸ்டரின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப வருஷமாச்சு. யார் சொன்னது?"

"பாரீஸ். நீங்க ஒஃபிசியேவாமே! எதுக்கு ஸிஸ்டர் குடுத்தாங்க?"

"போர் நேரத்துல முப்பது பேரைப் பனியில சுவிஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். நடந்தோம். அவ்வளவுதான்."

"இவ்வளவு நேரம் ஏன் ஸிஸ்டர் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? பத்து நிமிஷத்துல கர்னல் வர்றார், பாலிஷ் போடறார், கிளம்பிட்டார்னு அளந்தது யாரு? கர்னல் இல்லைன்னு ஒரு வார்த்தை நிஜத்தைச் சொல்லியிருந்தா ஒன்பதே கால் மணிக்கே நான் குத்தியிருப்பேனேம்மா!"

பொய்க் கர்னலுக்கு அவள் மாட்டிய விலங்கு பளபளவென்று அவளையே பார்த்தது. சட்டம், ரகசியம் என்று அவள் சொன்ன இரண்டு பொய்களும் ஒரு மனிதரின் கடைசி இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டிருந்தன. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுடுங்க ஸிஸ்டர்."

"அப்புறம் மன்னிக்கறேன். பெட்டியைக் குடு!"

அறைக்குள் வெளிச்சம் மங்கலாக இருந்தது. அன்செல்ம் தலையணையில் புதைந்து கிடந்தார். டாக்டர் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார்.

ஸிஸ்டர் எங்கோ போய் வந்தார். வரும்போது கறுப்பு அங்கியின் மார்பில் ஒரு பதக்கம், நாடாவில் வட்டமான ரோஸெட்டோடு தொங்கியது. பாஸ்கால் அதைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே விறைத்து நின்று சல்யூட் அடித்தான். செலஸ்தீனும் அடித்தாள். இந்தத் தடவை வீண் போகவில்லை.

"அன்செல்ம்... கேக்குதா? பேசணும்னா முதல்ல பேசு. அதுதான் முறை."

கிழவரின் உதடு அசைந்தது.

"எனக்கு இல்ல இது... அவங்களுக்கு. லுபேர்... கஸ்தோன்... ரெண்டு மார்த்தினே, அண்ணனும் தம்பியும்..."

பதினோரு பெயர்கள். ஒன்றுகூட விடவில்லை. கடைசிப் பெயருக்கு மூச்சு போதவில்லை. நிறுத்தி, மூச்சு வாங்கி, அதையும் சொன்னார். ஆறு வருஷம் தான் போட்ட மனுவில் அந்தப் பெயர்கள் எங்கும் இல்லையே என்று செலஸ்தீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸிஸ்டர் நிமிர்ந்தார். ஐந்தடிகூட இல்லாத உருவம் அறை முழுக்க நிறைந்தது.

"குடியரசுத் தலைவரின் பெயரால், எமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு, உம்மை லெஜியன் ஆஃப் ஹானரின் செவாலியே ஆக்குகிறோம்!"

குத்தினார். பிறகு குனிந்து, முறைப்படி, இரண்டு கன்னத்திலும் முத்தம்.

அன்செல்ம் பதக்கத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

கண்கள் மூடின.

பாஸ்கால் தொப்பியைக் கழற்றினான். ஒக்தாவ் விலங்கோடு சுவரில் சாய்ந்து விம்மினார். டாக்டர் மணிக்கட்டைத் தேடிக் கையை நீட்டினார்.

"ஸிஸ்டர்..." என்றது தலையணை.

"அன்செல்ம்?!"

"இதுக்கு மேல் படி... என்ன?"

"ஒஃபிசியே. நான் இருக்கற படி."

"அது எப்ப குடுப்பாங்க?"

"செவாலியேவா எட்டு வருஷம் இருந்தாகணும். அந்த எட்டு வருஷத்துல புதுசா ஏதாவது சாதிச்சிருக்கவும் வேணும்."

ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று.

"எட்டா..." அன்செல்ம் முழங்கையை ஊன்றி எழ ஆரம்பித்தார். "அப்ப சாகறதுக்கு நேரமில்லை. டாக்டர், கையை விடுங்க. டேய் ஒக்தாவ்! அழுதது போதும், ஒரு வெங்காய சூப் வை!"

ஒக்தாவ் அதிர்ந்தார். "நா... நானா? கர்னல்கிட்ட போய்..."

"கண் பார்க்காம அரை மூட்டை வெங்காயம் நறுக்கற கர்னலை எந்தப் படையிலயும் நான் பார்த்ததில்லடா. பத்து வருஷமாத் தெரியும். சூப் நல்லா இருந்துச்சு, அதான் வாயைத் திறக்கல. அட்ஜுதான் அம்மா, விலங்கைக் கழட்டு. நான் தேறி எழுந்து எட்டு வருஷம் ஓட்டியாகணும்!"

டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் தன் நாடியையும் பிடித்துப் பார்த்தார்.

செலஸ்தீன் சாவியை எடுத்தாள். விலங்கைக் கழற்றினாள். குரலில் கண்டிப்பைத் தேடிப் பிடித்தாள்.

"சூப் வரைக்கும்தான் விடுதலை. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தாகணும். இல்லாத பதக்கத்தை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சதுக்கு ஜெயில் உண்டு. ஒரு வருஷம் வரைக்கும் போடலாம்."

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஒக்தாவ் அன்செல்மைப் பார்த்தார், ஸிஸ்டரைப் பார்த்தார், கடைசியில் செலஸ்தீனைப் பார்த்தார்.

"என்ன மேடம் நியாயம் இது... பொய்யா குத்திக்கிட்டவனுக்கு ஒரு வருஷம், நிஜமா குத்திக்கிட்டவனுக்கு எட்டு வருஷமா?"